முதற் கோப்பையை நீட்டிய கை எவருடையது?

“நம் வாலிபர் கெட்டுவிட்டனர்” என்னும் ஒப்பாரியைக் கேட்டுக் கேட்டு நம் செவி புளித்துவிட்டது. சங்கக் கூட்டமாயினும் சரி, ஆலய ஆண்டுக் கூட்டமாயினும் சரி, பள்ளிப் பெற்றோர் கூட்டமாயினும் சரி, மேடையேறுகின்ற கனவான் ஒருவர் கையை உயர்த்தி, இக்காலத்துப் பிள்ளைகள் குடிக்கின்றனர், கும்பலாய்த் திரிகின்றனர், பெரியோர் சொற் கேளார் என்று பொரிந்து தள்ளுகின்றார். சபையோர் தலையசைக்கின்றனர். கூட்டம் கலைந்தபின் அதே கனவான், மண்டபத்தின் பின்புறம் நிற்கும் காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்து, “தம்பி, போய் ஐஸ் எடுத்து வாடா” என்று ஒரு பையனை ஏவுகின்றார். அப்பையனுக்கு வயது பதினைந்து. நாம் ஈண்டு வழக்குத் தொடுப்பது அப்பையன்மீதன்று, கனவான்மீது.

அக்கனவான்களுள் நாமும் ஒருவரே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றோம். நாம் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலவழியே பயின்று, ஆபீசு மேசைக்கு வந்து, ஆள் கணக்கும் செம்பனைக் குலைக் கணக்கும் எழுதிப் பிழைக்கின்றோம். நம்மை யொத்தார் கூடும் விருந்தில் புட்டி திறந்தால் அதற்கு “டிரிங்க்ஸ்” என்று பெயர். வீட்டு வரிசைக்குப் பின்னால் குலை வெட்டுகின்ற தொழிலாளி ஒருவர் மலிவுச் சாராயம் அருந்தினால் அதற்குக் “குடி” என்று பெயர். முன்னது நாகரிகமாம், பின்னது சமூகக் கேடாம்! ஆங்கிலம் படித்த நாவுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் கல்லீரலுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது.

கணக்கு எழுதுகின்றவராதலால் இதையும் கணக்காகவே சொல்லுகின்றோம். நூற்றுக்கு 5 பங்கு வீரியமுள்ள பீர், 320 மில்லிலிட்டர் தகரம் ஒன்றில் எத்தனால் என்னும் சாராயச்சத்து ஏறக்குறைய 12½ கிராம் இருக்கின்றது. நூற்றுக்கு 40 பங்கு வீரியமுள்ள விஸ்கியில் 40 மில்லிலிட்டர் ஊற்றினால் அதிலும் அதே 12½ கிராம். “பீர்தானே, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது” என்போர் இவ்விரு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். 37 பங்கு வீரியமுள்ள மலிவுச் சாராயத்தில் 150 மில்லிலிட்டர் குடித்தவன், மூன்றரைத் தகரம் பீரை ஒரே மூச்சில் விழுங்கியவனுக்குச் சமம். நன்றாய் வளர்ந்த ஆளின் கல்லீரலே மணிக்கு ஏழெட்டு முதல் பத்துக் கிராம் வரைதான் கழிக்கவல்லது. எஞ்சியது குருதியில் நின்று மூளையைச் சுற்றிக்கொண்டே யிருக்கும். காப்பி குடித்தாலும், குளிர்ந்த நீரில் தலையை முக்கினாலும், மோரும் எலுமிச்சையும் கலந்து கொடுத்தாலும் அந்த வேகம் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு கல்யாணம். மண்டபம் பக்கத்து நகரத்திலுள்ளது. நம் தோட்டத்து மண்டோர் ஒருவருடைய மகன், பதினேழு வயதுப் பிள்ளை, அன்று பெரியவர்களுக்குச் சோடாவும் ஐஸும் எடுத்துக் கொடுத்துக்கொண் டிருந்தான். நல்ல பிள்ளை. பள்ளியில் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் தடையின்றி ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். அப்பரிசளிப்பு விழாவில் கைதட்டியோருள் பாதிப்பேர் அன்று அக்காரைச் சுற்றி நின்றனர். “ஒரு வாய் குடிச்சுப் பாருடா, ஆம்பளப் புள்ளதானே!” என்றார் ஒருவர். பையன் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையசைத்தான். நம் கையில் ஒரு கோப்பை இருந்தது. பீர்தான். அதை அவனிடம் நீட்டினோம். “அங்கிள் குடுக்கிறேன், அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றும் சொன்னோம். அவன் வாங்கிக்கொண்டான். மறுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, மதிக்கின்ற ஒருவர் நீட்டும்போது மறுக்கத் தெரியவில்லை. அதன்பின் அவன் கோப்பையை யார் யார் நிரப்பினர், எதை நிரப்பினர் என்பது நமக்குத் தெரியாது. அப்போது நாம் அரசியல் பேசிக்கொண் டிருந்தோம்.

இரவு பதினொரு மணிக்கு அவன் வேனின் பின்னிருக்கையில் மல்லாந்து கிடந்தான். “தூங்கட்டும், காலையில சரியாப் போயிரும்” என்றே எல்லாரும் சொன்னோம். தாதிப் பயிற்சியில் இருக்கும் அவன் தமக்கை மட்டும் கைவிளக்கை முகத்தில் அடித்துப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு நிதானமின்றி, இடையில் நெடுநேரம் நின்று நின்று வந்தது. அவள் கூச்சலிட்டு அவனைப் பக்கவாட்டில் புரட்டினாள். வாயிலிருந்து வாந்தி வழிந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் செலுத்தினர். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி யிருந்தமையால் ஒன்பது நாட் படுக்கை. பிழைத்தான். அத்தமக்கை அன்று வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை.

மறுநாட் காலை தந்தையார் ஆபீசுக்கு வந்து லீவு கேட்டார். பாரத்தை நிரப்புவது நம் வேலை. “காரணம்” என்ற கட்டத்திற்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. “மகனுக்கு ஒடம்பு சரியில்லேன்னு போடுங்க ஐயா” என்றார் அவர். அப்படியே எழுதினோம். அவருக்கு அப்போது எல்லாம் தெரியும் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

நிற்க. இப்படிப்பட்ட இரவு வேறெந்த வீட்டிற்கும் வாராமலிருக்க ஒன்றைப் பச்சையாய்ச் சொல்லிவிடுகின்றோம். மயங்கி விழுந்தபின்னும் வயிற்றிலிருந்து சாராயம் குருதிக்கு ஏறிக்கொண்டே யிருக்கும். ஆகையால் “தூங்கினால் தெளியும்” என்பது பொய். தட்டியும் கிள்ளியும் எழாதவன், நிமிடத்திற்கு எட்டு மூச்சுக்குங் குறைவாய் விடுகின்றவன், உடல் சில்லிட்டு நீலம் பாய்ந்தவன், மயக்கத்திலேயே வாந்தியெடுப்பவன் ஆகியோர் உறங்குகின்றவர் அல்லர். அவர்களுக்கு ஆபத்து நேர்ந்துள்ளது. பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடத்தி, ஒருவர் அருகிலேயே இருந்து, 999-ஐ அழைக்க வேண்டும். வீட்டு மானம் போகுமே என்று பார்த்திருத்தல் கூடாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். கற்றோர் பலர் சாமர்த்தியமாய்ச் சொல்வது ஒன்றுண்டு. “எப்படியும் வெளியிற் குடிக்கத்தான் போகிறான். நம் கண்முன் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அளவு கற்றுக்கொள்வான். ஐரோப்பாவில் அப்படித்தான் செய்கின்றனர்.” நாமும் பல்லாண்டுகள் இதை நம்பியிருந்தோம். கேட்கக் கேட்க இனிக்கின்ற வாதம், ஏனெனில் அது கொடுப்பவனை நல்லாசிரியனாக்கிவிடுகின்றது. ஆனால் இதனைச் சோதித்தே பார்த்துவிட்டனர். ஆஸ்திரேலியாவில் 1,900-க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஆறாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டனர். பெற்றோரே மது கொடுத்தமையால் பிள்ளைக்கு யாதொரு பாதுகாப்பும் விளைந்ததாகக் காணவில்லை. அதற்கு மாறாக, கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் மிதமிஞ்சிய குடியும் அதனால் வரும் தீங்குகளும் மிகுதியாய்க் காணப்பட்டன. வீட்டில் வாங்கியவன் அதோடு நிற்காமல், மறுவருடம் வெளியாரிடமும் வாங்கத் தலைப்பட்டான். பெற்றோர் கொடுப்பதே இப்படியாயின், கல்யாண மண்டபத்தின் பின்புறம் கிராணி கொடுப்பதை என்னென்பது!

அமெரிக்காவில் 1997-ல் வெளியான வேறோர் ஆய்வில், பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமைப்பட்டிருந்தனர். இருபது வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியோருள் அவ்வாறானவர் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேர். இவ்விடத்தில் நேர்மையாய் ஒன்று கூறவேண்டும். இளமையில் தொடங்குகின்ற பிள்ளை, முன்னமே துன்பம் நிறைந்த வீட்டிலிருந்தும், குடிகாரத் தந்தையிடமிருந்தும் வந்தவனாக இருக்கலாம். ஆதலால் முழுப்பழியையும் வயதின்மேல் ஏற்றிவிட முடியாது. சரி, அப்படியே கொள்வோம். துன்பப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் கோப்பை நீட்டுவது அதனால் நியாயமாகிவிடுமோ?

இளையோர் உடலில் இது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். ஆசையை அடக்கி விளைவை எண்ணிப் பார்க்கின்ற மூளையின் முன்பகுதி, மற்றெல்லாப் பகுதிகளுக்கும் பின்னர், இருபத்தைந்து வயதையொட்டியே முதிர்ச்சி பெறுகின்றது. அன்றன்று நடந்ததை நினைவிற் பதிக்கின்ற பகுதியை மது எளிதில் முடக்கிவிடும். முந்தின இரவு என்ன செய்தோமென்பதே தெரியாமல் விழிப்பது அதனால்தான். மேலும், தள்ளாட்டமும் உறக்கமும் இளம் உடலில் முதிர்ந்த உடலைவிடத் தாமதமாய்த் தோன்றுகின்றன என்று விலங்குகளிடம் நடத்திய சோதனைகள் காட்டுகின்றன. அதாவது, “போதும், நிறுத்து” என்று உடல் அடிக்கும் மணி, பிள்ளைகளுக்குப் பிந்தியே அடிக்கின்றது. நம் மாமன்மார் மீசையை முறுக்கிக்கொண்டு, “நம்ம பையன் நல்லாத் தாங்குறான்!” என்று பெருமை பேசுவது இதைத்தான். இளமையில் நன்றாய்த் “தாங்குகின்ற” குடிகாரர் மக்களே பிற்காலத்தில் பெரிதும் அடிமைப்பட்டனர் என்பதும் ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்துக் கண்டதாகும். தாங்குதல் வீரத்தின் அடையாளமென்று நினைத்தோம். அது நோயின் முன்னறிவிப்பாக இருந்துவிட்டது.

புற்றுநோயை வருவிக்கும் பொருள்களின் முதல் வரிசையில் மதுவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என அந்நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. 2019-ல் மட்டும் உலகெங்கும் 26 இலட்சம் பேர் மதுவின் காரணமாய் மாண்டனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. “டாக்டரே ஒரு பெக் சாப்பிடச் சொல்கிறார்” என்னும் பழைய கதையை இன்னும் சொல்லித் திரிவோர் தேதி பார்த்துக்கொள்ளட்டும்.

“எல்லாரும் குடிக்கின்றனர், நம்மவரை மட்டும் ஏன் தூற்றுகின்றீர்?” என்று கேட்போரும் உளர். எல்லாரும் குடிக்கவில்லை ஐயா! 2019-ஆம் ஆண்டு மலேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் குடிப்போர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்கூட இல்லை. ஆனால் அக்குடிப்போருள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே அமர்வில் மிதமிஞ்சிக் குடிப்போர். “அளவோடு” என்னும் சொல்லின் யோக்கியதை இவ்வளவுதான்.

வறுமையும் ஏமாற்றமுமே காரணமென்பர் வேறு சிலர். அதில் உண்மை யில்லை என்று நாம் கூறவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, அடுக்குமாடியின் ஒரு சிற்றறைக்குள் தள்ளப்பட்ட குடும்பத்தின் வேதனையை அறியாதவர் அல்லோம். ஆயின் அக்காரின் பின்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் வறியவர்களா? ஒவ்வொருவரும் சொந்தக் காரில் வந்தவர்கள்.

பழைய சரித்திரத்தைச் சற்றே நினைப்பூட்டுகின்றோம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டந்தோறும் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வெயிலில் காய்ந்து வருகின்ற தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு மாலைக்குள் அதே தோட்டத்திற்குள்ளேயே திரும்பிவிடும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டவர்கள் படித்த கிராணிமார் மட்டுமல்லர். 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்க வேண்டுமென்னும் இழிவை ஒழிக்க வேண்டுமென்பதோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாயில்களில் மறியல் செய்தனர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதோர் எத்தனையோ பேர். குடிப்பவன் கள்ளுக்கடைக்கு எதிராகக் கொடி பிடித்த அதிசயம் அது. தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார் 1929-ன் இறுதியில் இம்மண்ணிற்கு வந்து இறங்கினார் என்பதை மேடையிற் பேசிக் கைதட்டு வாங்குகின்றோம். மேடைக்குப் பின்புறத்தில் நடப்பதை முன்னமே சொன்னோம்.

இன்று தோட்டத்துக் கள்ளுக்கடை போயிற்று. துரையும் போனான். நம் பிள்ளைக்குக் கோப்பை நீட்ட இப்போது எந்த வெள்ளைக்காரனும் வருவதில்லை. அந்த வேலையை இனாமாகவே நாம் ஏற்றுக்கொண்டோம்.

சட்டம் இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது. உணவு ஒழுங்குவிதிகளில் 2016-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2017 டிசம்பர் 1 முதல் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது. முன்னர் அவ்வயது பதினெட்டாக இருந்தது. புட்டியின்மேல் எச்சரிக்கை வாசகமும் உண்டு. 2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் கடுமையாக்கப்பட்டு, ஓட்டுநரின் குருதியில் அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைக்கப்பட்டது. எல்லாம் நல்லவையே. ஆனால் வயதுச் சட்டம் கடைக்காரனின் மேசையோடு நின்றுவிடுகின்றது. நாற்பது வயதுச் சிற்றப்பா ஒழுங்காய்ப் பணம் கொடுத்து வாங்கிவந்து, மண்டபத்தின் பின்புறம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊற்றும்போது அதைப் பார்க்க எந்த அதிகாரி வருவார்? அவ்விடத்தில் அதிகாரி நாமே. அந்த அதிகாரியே கோப்பையைப் பிடித்துக்கொண் டிருந்தார்.

வரிகட்டாத கள்ளச் சரக்கின் கொடுமை வேறு. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்கின்றது. குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழிந்தபின் பார்வை மங்கி, மூச்சு வாங்கும். தலைநோவு என்று படுத்தவன் எழுவதில்லை. உடனே கொண்டுசென்றால் மாற்று மருந்தும் குருதிச் சுத்திகரிப்பும் உண்டு. விலை மிக மலிவாயிருக்கின்றதே என்று மகிழ்ந்து வாங்குகின்ற இளைஞருக்கு இதை யாரேனும் சொல்லியிருக்கின்றனரா? நம் சங்கக் கூட்டங்களில் நாம் கேட்டதில்லை.

ஒன்று சொல்ல மறந்தோம். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்துவந்தவர் இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலையே அடியோடு நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் கண்டு உயிருக்கே மோசம் வருவதுண்டு. அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று வைத்தியரிடம் வெட்கமின்றிச் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துக. ஏசுவதற்கு ஆயிரம்பேர் இருக்கின்றனர். அழைத்துச்செல்ல ஒருவர் போதும்.

அப்பிள்ளை இப்போது மீண்டும் பள்ளிக்குச் செல்லுகின்றான். ஆபீசு வழியாக மிதிவண்டியிற் போகும்போது முன்போலவே “வணக்கம் அங்கிள்” என்கின்றான். அவன் தந்தையாரிடம் சென்று, கோப்பையை முதலில் நீட்டியது நாமே என்று சொன்னோம். “தெரியும் ஐயா, பையன் சொன்னான்” என்றார். வேறொன்றும் சொல்லாமல் குலை எண்ணிக்கைச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் நம்மைத் திட்டியிருக்கலாம்.

வருகின்ற தை மாதத்தில் நம் தோட்டத்து உறவில் மூன்று கல்யாணங்கள். மூன்று அழைப்பிதழும் வந்துவிட்டன. முதற் கல்யாண வீட்டாரிடம் சென்ற ஞாயிற்றுக்கிழமை போனோம். “மாமா, மண்டபத்துக்குப் பின்னால காரை நிறுத்தித் திறக்கிறது இந்தத் தடவை வேணாம். மீறித் திறந்தா, சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. வாசல்ல நான் நின்னு பாத்துக்கிறேன்” என்றோம். பெரியவர் நெடுநேரம் வெற்றிலையை மென்றார். “சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க, கிராணி?” என்றார். இரண்டாம் வீட்டாரிடம் இந்த ஞாயிறு போகின்றோம்.